ஒக்டோபர் 31: கலையுலகின் நாளும் எமது இரவும்

இந்நாட்டுப் பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் 'வரலாற்றில் இன்று' என்றவாறு ஒரு சிறு பகுதி இடம்பெறுவதுண்டு. இன்ன நடிகர் பிறந்தார், இன்ன படம் வெளிவந்தது, இன்ன பாடகர் மறைந்தார் என்று நாலைந்து வரிகளில் சொல்லி முடித்துவிடுவார்கள். காலைத் தேநீரோடு அதனைப் படித்துவிட்டு அப்பால் செல்வோரே பெரும்பாலோர். ஆயினும், ஒரு காலத்தில் பாடசாலைக் கரும்பலகையின் மூலையில் நாள்தோறும் அத்தகைய வரிகளை எழுதிவந்த எமக்கு, அப்பகுதியைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

1990களின் முற்பகுதியில் வலிகாமத்துப் பாடசாலையொன்றில் நாம் இளம் ஆசிரியராகக் கடமையாற்றினோம். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டோம். பத்திரிகைத் தாளுக்கும் பஞ்சம். கிடைத்த பழைய சஞ்சிகைகளிலும் நூல்களிலும் இருந்து பொறுக்கிய செய்திகளை, ஆண்டின் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு பக்கம் என்ற கணக்கில், தடித்த சி.ஆர். கொப்பிகளில் எழுதி வைத்திருந்தோம். காலையில் அன்றைய பக்கத்தைப் பார்த்து ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதுவோம். பிள்ளைகள் அதனைத் தம் கொப்பிகளில் எழுதிக்கொள்வார்கள்.

ஒக்டோபர் 31ஆம் திகதிப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 1931ஆம் ஆண்டு, முதலாவது தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வெளியீடு. அந்தக் கொப்பிகள் இன்று எம்மிடம் இல்லை. அவை எம்மை விட்டுப் போனதும் அந்தத் திகதியோடு தொடர்புடையதே. அதனைப் பின்னர் சொல்வோம்.

தகனினியில் ஒக்டோபர் 31 மாலை, பேய் வேடமும் பூத வேடமும் பூண்ட சிறுவர்கள் இனிப்புக் கேட்டு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். எமது தமிழ்ப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நாள் அவ்வளவே. ஒரு திகதிக்குள் எத்தனை கதைகள் அடங்கியிருக்கின்றன என்பதை அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், இழந்துபோன அந்தப் பக்கத்தை இங்கே மீண்டும் எழுதிப் பார்க்கின்றோம்.

பேசத் தொடங்கிய தமிழ்ப்படம்

1931 ஒக்டோபர் 31, சனிக்கிழமை. சென்னையில் கினிமா சென்றல் என்னும் படமாளிகையில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதி பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளியாகி, இந்தியத் திரை முதன்முதலாகப் பேசியிருந்தது. அதனைத் தயாரித்த இம்பீரியல் நிறுவனத்தின் அர்தேஷிர் இரானியே காளிதாஸையும் தயாரித்தார். எச்.எம். ரெட்டி நெறிப்படுத்தினார். சென்னையில் அக்காலத்தில் ஒலிப்பதிவு செய்யக்கூடிய படப்பிடிப்புக்கூடம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே தமிழின் முதற் பேசும்படம் தமிழ் மண்ணில் உருவாகாமல், பம்பாயில், வேற்றுமொழிப் படமொன்றுக்காக அமைத்த அரங்குகளில் உருவாயிற்று. பிறந்த ஊரிலன்றிப் பிற ஊரில் முதற்சொல் பேசக் கற்கும் குழந்தைகள் நிறைந்த சமூகம் எம்முடையது. எமக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

படச்சுருள்கள் அடங்கிய பெட்டி சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, புகையிரத நிலையத்திலிருந்து படமாளிகை வரை அதனை ஊர்வலமாகக் கொண்டுசென்றார்களாம். வழிநெடுகத் தேங்காய் உடைத்தும், கர்ப்பூரம் கொளுத்தியும், மலர் தூவியும் மக்கள் அதனை வரவேற்றனர் என்று தமிழ்த் திரை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். திருவிழாவில் உற்சவமூர்த்தி வீதியுலா வருவதைப் போலத் தகரப் பெட்டியொன்று உலா வந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தமது மொழி திரையிலிருந்து ஒலிக்கப்போகிறது என்பது மக்களுக்கு அத்துணை பெரிய விடயமாக இருந்திருக்கிறது.

ஆனால் உள்ளே சென்று அமர்ந்தவர்கள் கேட்டது என்ன? கதாநாயகி ரி.பி. ராஜலட்சுமி தமிழிற் பேசினார். கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கிற் பேசினார். தமிழிற் கேட்ட காதலிக்குத் தெலுங்கில் விடை சொன்னான் காதலன். தியாகராஜர் கீர்த்தனைகள் இடையில் வந்தன. குறத்தி நடனம் வந்தது. காளிதாசன் கதைக்கும் காந்தியின் இராட்டைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாதபோதிலும், இராட்டையைப் போற்றும் மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடலொன்றும் அதில் இடம்பெற்றது. மக்கள் அதற்கெல்லாம் குறை சொல்லவில்லை. படம் பெரு வெற்றி பெற்றது.

இந்த ராஜலட்சுமி யார் என்பதையும் எமது பெண்பிள்ளைகள் அறிதல் வேண்டும். திருவையாற்றில் 1911இல் பிறந்தவர். பால்ய விவாகம் செய்துவைக்கப்பட்டு, அது முறிந்து, பிழைப்புத் தேடி நாடக மேடைக்கு வந்தவர். பெண் மேடையேறுவதைப் பழிச்சொல்லாகக் கருதிய காலத்தில் மேடையேறி, பின்னர் திரையேறி, 1936இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே எழுதித் தயாரித்து நெறிப்படுத்தினார். தமிழ்த் திரையுலகின் முதலாவது பெண் நெறியாளர் அவரே. 'சினிமா ராணி' என்று அழைக்கப்பட்ட அவர் 1964இல் காலமானார்.

இவ்வளவும் சொன்ன பின், சொல்லவேண்டிய மிக முக்கியமான செய்தி ஒன்றுண்டு. காளிதாஸ் படத்தை இன்று எவராலும் பார்க்க முடியாது. அதன் பிரதி எங்கும் இல்லை. சில நிழற்படங்கள், விளம்பரங்கள், பத்திரிகைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே அதனைப் பற்றிப் பேசுகின்றோம். ஆலம் ஆராவின் கதியும் அதுவே. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையுடையது. வெப்பமான நாடுகளில் விரைவாகவே கெட்டுப்போகும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் பல. இந்திய அரசு புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகத்தை நிறுவியது 1964இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது. தேங்காய் உடைத்து வரவேற்ற பெட்டியைத் தேடிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

அதே திகதியில் வந்தவர்களும் சென்றவர்களும்

1959 ஒக்டோபர் 31 தீபாவளிக்கு வெளிவந்த படம் 'பாகப்பிரிவினை'. ஏ. பீம்சிங் நெறிப்படுத்தி, சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நடித்தது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்தனர். ஒன்றாய் வாழ்ந்த குடும்பம் இரண்டாகிப் பிரிகின்ற கதை அது. கையும் காலும் ஊனமுற்ற கிராமத்து இளைஞனாக வந்த சிவாஜியை எமது பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் ரொறன்ரோவில் ஒருவர், பாரிசில் ஒருவர், ஒக்லாந்தில் ஒருவர் என்று பிரிந்திருக்கும்போது, அந்தப் படத்தின் பெயரைக் கேட்டாலே ஒருவிதமான பெருமூச்சு எழுகிறது.

1975இல் இதே நாளில் பம்பாயில் மறைந்தவர் இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன். இன்றைய பங்களாதேசில் உள்ள கொமில்லாவில், திரிபுரா அரச குடும்பத்தில் பிறந்தவர். நாடு பிரிக்கப்பட்டபோது அவர் பிறந்த ஊர் எல்லைக்கு அப்பாற் போய்விட்டது. ஆனால் அங்கு கேட்ட படகோட்டிகளின் பாட்டை அவர் பம்பாய்க்குக் கொண்டுவந்து, ஹிந்திப் படப்பாடல்களுக்குள் வைத்தார். 1950களில் இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது, அவற்றை இந்தியா முழுவதற்கும் கேட்கச் செய்தது எமது இலங்கை வானொலி என்பதையும் இங்கு பெருமையோடு குறிப்பிடலாம். பர்மனின் பாட்டைக் கேட்க வட இந்தியர் கொழும்பை நோக்கி வானொலியைத் திருப்பிய காலமொன்று இருந்தது.

2003 ஒக்டோபர் 31 அன்று சென்னையில் தமது 95ஆவது வயதில் மறைந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். இனிமையான சாரீரத்தோடு பிறந்தவரல்லர். கரடுமுரடான குரலைக் கடும் பயிற்சியாற் பணியவைத்து, 1947இல் 39 வயதிலேயே சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். 'எனக்குப் பாட வராது' என்று சொல்லும் மாணவருக்கு நாம் எடுத்துக்காட்டும் பெயர் இதுவே.

இதே நாளில், 1984இல், வானொலிகளிலிருந்து பாட்டே மறைந்துபோனதும் உண்டு. இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட நாள் அது. நாம் அப்போது பாடசாலை மாணவர். யாழ்ப்பாணத்துக்குத் தெளிவாகக் கேட்கும் திருச்சி வானொலியில் அன்று மாலை சினிமாப் பாட்டு இல்லை. வாத்திய இசை ஒன்றே சோகமாக ஒலித்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த பெரியவர்கள் ஒன்றும் பேசாது வானொலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் நினைவில் இருக்கின்றது.

மேலைநாட்டுப் பட்டியல் இன்னும் நீளமானது. 1993இல் இதே நாளில் இத்தாலியின் பெருநெறியாளர் பெலினி உரோமில் மறைந்தார். 1926இல் இதே நாளில் டெற்றோயிற் நகரில் மறைந்தவர் ஹரி ஹூடினி. புடாபெஸ்ற்றில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. எந்த விலங்கையும் எந்தப் பூட்டையும் கழற்றிக்கொண்டு வெளியே வருவதே அவரது வித்தை. அவர் மறைந்த பின், மனைவி பெஸ் ஆண்டுதோறும் இதே திகதியில் விளக்கேற்றி வைத்து, கணவரின் ஆவி ஏதேனும் செய்தி சொல்லுமா என்று காத்திருந்தார். பத்தாவது ஆண்டில், 1936 ஒக்டோபர் 31இல், ஹொலிவூட் விடுதியொன்றின் கூரைத்தளத்தில் கடைசி முறையாகக் காத்திருந்துவிட்டு, அந்த விளக்கை அணைத்துவிட்டார். ஆவி பேசுமோ பேசாதோ, ஒரு திகதியைப் பத்தாண்டுகள் விடாமல் பிடித்துவைத்திருந்தாரே அந்தப் பெண்மணி, அதுவே எம்மை ஆழமாகத் தொடுகிறது.

வெலிங்டனில் பிறந்த பிள்ளை

இந்தத் திகதிக்கு நியூசிலாந்தும் தன் பங்கினை அளித்திருக்கிறது. 1961 ஒக்டோபர் 31 அன்று வெலிங்டனில் பிறந்தவர் பீற்றர் ஜக்சன். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு ஒரே பிள்ளை. புக்கெருவா பே என்னும் கடலோர ஊரில் வளர்ந்தவர். சிறுவனாக இருக்கும்போது தொலைக்காட்சியில் 1933ஆம் ஆண்டின் 'கிங் கொங்' படத்தைப் பார்த்துவிட்டு, தாமும் படம் எடுப்பதென்று முடிவு செய்தார். வெலிங்டன் பத்திரிகையொன்றின் நிழற்பட அச்சுப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதி நாட்களில் நண்பர்களோடு நான்கு ஆண்டுகள் உழைத்துத் தமது முதற் படத்தை முடித்தார். பூத முகமூடிகளைத் தாயாரின் சமையலறை அடுப்பிலேயே சுட்டு எடுத்தாராம். அப்படித் தொடங்கியவருடைய 'மோதிரங்களின் தலைவன்' வரிசையின் மூன்றாம் படம் 2004இல் 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

ஒக்லாந்து நகர மையத்தில் குயீன் வீதியோரம் சிவிக் அரங்கு நிற்கின்றது. எம்மிற் பலர் அதன் முன்னால் நடந்திருப்போம். உள்ளே சென்று பார்த்தவர்கள் சிலரே. 1929 டிசெம்பரில் திறக்கப்பட்ட அந்தப் படமாளிகையின் முன்மண்டபத்தில் யானைகளும் புத்தர் சிலைகளுமாக இந்தியக் கோயிற்கலையை நினைவூட்டும் அலங்காரங்கள் நிறைந்திருக்கின்றன. உள்ளே கூரையில் தென்துருவ வானத்து நட்சத்திரங்கள் மின்னுகின்றன. சென்னையில் காளிதாஸ் பேசிய காலத்துக்குச் சற்று முன்பே எழுந்த அரங்கு அது. இடிபடும் நிலைக்கு வந்து, காக்கப்பட்டு, 1999இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. ஜக்சன் 2005இல் தமது சொந்தக் கிங் கொங்கை எடுத்தபோது, நியூயோர்க் அரங்கின் உட்புறமாகக் காட்டியது இந்தச் சிவிக் அரங்கையே.

ஜக்சன் செய்த வேறிரண்டு காரியங்கள் எமது விடயத்துக்கு இன்னும் நெருக்கமானவை. ஒன்று, 2018இல் அவர் வெளியிட்ட முதலாம் உலகப்போர் ஆவணப்படம். ஊமைப் படச்சுருள்களில் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்த போர்வீரர்கள் என்ன பேசினார்கள் என்பதை, உதட்டசைவை வாசிக்கும் நிபுணர்களைக் கொண்டு கண்டறிந்து, அச்சொற்களுக்குக் குரல் கொடுத்தார். நூறாண்டுகளாக மௌனமாயிருந்தவர்கள் பேசினார்கள். சுருள் காக்கப்பட்டிருந்தமையால் அது இயன்றது.

மற்றையது ஒரு குறும்பு. 1995 ஒக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு, நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் 'மறக்கப்பட்ட வெள்ளி' என்ற பொருள்படும் பெயரில் ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பாயிற்று. ஜக்சனும் கொஸ்ரா போட்ஸும் சேர்ந்து எடுத்தது. கொலின் மக்கென்சி என்ற நியூசிலாந்துக்காரர் உலகுக்கெல்லாம் முன்னதாக, 1908இலேயே, பேசும்படம் எடுத்துவிட்டார் என்றும், அதில் எல்லோரும் சீன மொழியிற் பேசியமையால் பார்வையாளர் எழுந்து போய்விட்டனர் என்றும் அப்படம் கூறியது. பலர் அதனை உண்மையென நம்பினர். அப்படி ஒருவர் இருந்ததேயில்லை. எல்லாம் கட்டுக்கதை என்று தெரிந்தபோது சினந்து கடிதம் எழுதியோரும் உண்டு. எமக்கோ சிரிப்பு வந்தது. காதலிக்குத் தமிழும் காதலனுக்குத் தெலுங்குமாய் ஒரு படம் உண்மையாகவே வந்ததென்று சொன்னால், அதனையும் கட்டுக்கதை என்றல்லவா இந்நாட்டவர் எண்ணுவர்! பொய்யான படத்துக்குச் சாட்சியாக ஒரு சுருள் இருக்கிறது. உண்மையான படத்துக்கு இல்லை.

பாதை முடியும் இடம்

ஆவணம் காத்தல் பற்றி நியூசிலாந்திடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஊமைப்படக் காலத்தில் அமெரிக்கப் படச்சுருள்கள் நாடு நாடாகப் பயணம் செய்து, கடைசியாக வந்து சேரும் இடம் நியூசிலாந்து. திருப்பி அனுப்பக் கப்பற் கூலி அதிகம். ஆகவே இங்கேயே அழித்துவிடும்படி சொல்வார்கள். ஆனால் படம் ஓட்டுபவர்கள் சிலருக்கு அழிக்க மனம் வரவில்லை. வீட்டுக் கொட்டகைகளில் பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டார்கள். பின்னர் அவை நியூசிலாந்துத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வந்தடைந்தன.

2010இல் அக்காப்பகத்திலிருந்து 75 அமெரிக்கப் படங்கள் கண்டெடுக்கப்பட்டு, காத்துப் பேணும் பணிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. பெரும் நெறியாளர் ஜோன் போர்ட் 1927இல் எடுத்து, உலகில் எங்கும் இல்லையென்று கைவிடப்பட்ட படமொன்று அவற்றுள் இருந்தது. அடுத்த ஆண்டில், இளைஞர் ஹிச்கொக் பணியாற்றிய 1924ஆம் ஆண்டுப் படமொன்றின் பாதியும் இங்கேயே கிடைத்தது. ஹொலிவூட் இழந்ததை, பாதையின் கடைசியில் இருந்த ஒரு சிறு நாடு, ஹேஸ்ரிங்ஸ் நகரத்துப் படமோட்டி ஒருவரின் சேகரிப்பிலிருந்து, திருப்பிக் கொடுத்தது.

இந்தியாவுக்கும் இத்தகைய நற்பேறு ஒருமுறை வாய்த்தது. 1919ஆம் ஆண்டின் 'பில்வமங்கள்' என்ற ஊமைப்படத்தின் ஒரு பகுதி பாரிஸ் காப்பகத்தில் கிடைத்து, 2016இல் புனேக்கு வந்து சேர்ந்தது. ஆகவே காளிதாஸும் எங்கோ ஒரு கொட்டகையில் இருக்கக்கூடும் என்ற நப்பாசை எம்மை விட்டு அகலவில்லை.

ஈழத்துத் தமிழ்த் திரைக்கும் இத்தகைய இழப்பு உண்டு. கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையில் தமிழர் ஒருவர் நடத்திய விஜயா படப்பிடிப்புக்கூடம் 1983 யூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த மூலச்சுருள்களும் சாம்பலாயின. எரிந்தவற்றுட் சிங்களப் படங்களும் இருந்தன. தீ மொழி பார்ப்பதில்லை.

அந்த இரவு

இனி, எமது கொப்பிக்கு வருவோம். 1995 ஒக்டோபர் 23 தீபாவளி. தமிழ்நாட்டில் 'முத்து' வெளியாகிப் படமாளிகைகள் நிரம்பி வழிந்தன. ஒரு வாரம் கழித்து, ஒக்டோபர் 30 மாலை, வலிகாமம் முழுவதும் ஒலிபெருக்கி ஒலித்தது. போர் நெருங்கிவிட்டது, உடனே வெளியேறுங்கள் என்பதே செய்தி. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஓர் இரவிலேயே வீடுகளைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய தெருவில் ஓர் அடி வைக்கப் பல நிமிடங்கள் நின்றோம். மழை பெய்தது. குடையில் மழைநீரை ஏந்திக் குடித்தோரும் உண்டு. அதனை அனுபவித்தவர்களுக்கு நாம் விவரிக்கத் தேவையில்லை. அனுபவிக்காதவர்களுக்கு விவரித்தும் பயனில்லை.

நாம் எடுத்துச் சென்றது சான்றிதழ்கள், இரண்டு உடுப்பு, கொஞ்சம் அரிசி. கொப்பிகளை மேசையிலேயே விட்டோம். இரண்டு நாளில் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை. 1996இல் திரும்பிச் சென்று பார்த்தபோது கூரையும் இல்லை, மேசையும் இல்லை.

எமது அயல்வீட்டில் வயதான ஐயா ஒருவர் இருந்தார். மேளக்கச்சேரி என்றால் அவருக்கு உயிர். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறும் நாதஸ்வர, தவில் கச்சேரிகளைக் கசெற்றுகளில் ஒலிப்பதிவு செய்து, பிஸ்கற் ரின் ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார். அந்த இரவில் அவர் அந்த ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். "ஐயா, அதை விட்டிட்டு அரிசியைக் கொண்டு வாங்கோ" என்று நாம் சொன்னோம். "அரிசி எங்கையும் வேண்டலாம் தம்பி" என்றார். படித்த எமக்கு அன்று அது விளங்கவில்லை.

அவர் காலமாகிவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகள், தகனினியில் எமது வீட்டுக்கு அந்த ரின்னைக் கொண்டுவந்தார். ஒக்லாந்துக்கு வந்தபோது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாராம். பெரும்பாலான நாடாக்கள் ஒட்டிப்போயிருந்தன. ஒன்று மட்டும் ஓடியது. தவில் முழங்குகிறது. சனம் ஆரவாரிக்கிறது. நடுவில் ஒலிபெருக்கியில் ஒரு குரல்: சிவப்புச் சட்டை போட்ட சிறுபிள்ளையொன்று காணிக்கைப் பெட்டிக்கு அருகில் நின்று அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் வந்து கூட்டிச் செல்லவும் என்று அறிவிக்கிறது. எமது ஊரின் குரல் அது. இருவரும் ஒன்றும் பேசாது கேட்டுக்கொண்டிருந்தோம்.

கசெற்றின் மேல் ஐயாவின் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: 'மூன்றாம் திருவிழா'. எந்தக் கோயில்? எந்த ஆண்டு? வாசித்த வித்துவான்கள் யாவர்? ஒன்றும் இல்லை. ஐயாவுக்கு எல்லாம் தெரியும். ஆகவே எழுத வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. எமக்குத் தெரியாது. கேட்பதற்கு அவரும் இல்லை.

நாம் எழுதவேண்டிய பக்கம்

ஊர்க் கடிகாரப்படி அந்த இடப்பெயர்வு தொடங்கியது ஒக்டோபர் 30 மாலை. ஆனால் இங்கே ஒக்லாந்தில் நேரம் ஏழரை மணித்தியாலம் முந்தியது. யாழ்ப்பாணத்தில் பின்னேரம் நாலரை மணியாகும்போது, தகனினியில் 31ஆம் திகதி பிறந்துவிடும். எமது இப்போதைய கடிகாரத்தின்படி பார்த்தால், நாம் நடந்த அந்த இரவு முழுவதும் ஒக்டோபர் 31. டெற்றோயிற்றில் 31ஆம் திகதி பிற்பகல் ஹூடினி இறந்த வேளையில் இங்கோ நவம்பர் முதலாந் திகதி விடிந்துகொண்டிருந்தது. நாட்காட்டி என்பது எவர் எங்கிருந்து எழுதுகிறார் என்பதைப் பொறுத்ததே. நாம் இங்கிருந்து எழுதினால், அந்தப் பக்கத்தில் காளிதாஸோடும் பீற்றர் ஜக்சனோடும் எமது இரவும் இடம்பெறும்.

நாம் குடியிருக்கும் இவ்வூரின் பெயரும் ஊர் இழந்த ஒருவரின் பெயரே. மாவோரித் தலைவர் இஹாகா தகானினி 1863இல் குடும்பத்தோடு கைதுசெய்யப்பட்டு, விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டு, 1864இல் ரகினோ தீவில் உயிர்நீத்தார். அவருடைய சந்ததியினர் அந்த வரலாற்றை மறக்கவிடவில்லை. ஆகையால் இன்று எம்மைப் போன்ற வந்தேறிகளுக்கும் அது தெரிகின்றது.

வாசகர்களிடம் எமது வேண்டுகோள் எளியது. உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலும் வாகனக் கொட்டகையிலும் பழைய கசெற்றுகள், கலியாண வீடியோக்கள், நாடகப் பிரதிகள், அரங்கேற்ற அழைப்பிதழ்கள், கோயில் நோட்டீசுகள் இருக்கும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஈரம் படாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாடாக்கள் இன்னும் ஓடும்போதே கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பேனையை எடுத்து, அவற்றின் மேல் மூன்று விபரங்களை எழுதுங்கள்: எந்த ஊர், எந்தத் திகதி, யார் யார். முதியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை அருகில் அமர்த்திக் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தால் இன்னும் நன்று. ஆங்கிலத்தில் எழுதினாலும் பாதகமில்லை.

நாமும் புதிய கொப்பியொன்று வாங்கியிருக்கின்றோம். ஒக்டோபர் 31ஆம் பக்கம் நிரம்பிவிட்டது. கடைசி வரியாக ஐயாவின் ரின்னைப் பற்றி எழுதி, ஆண்டுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கின்றோம். எண்பதுகளிலோ தொண்ணூறுகளின் தொடக்கத்திலோ வலிகாமத்துக் கோயிலொன்றின் மூன்றாம் திருவிழாவில், சிவப்புச் சட்டையோடு தொலைந்து, காணிக்கைப் பெட்டிக்கு அருகில் நின்று அழுத பிள்ளை உங்களில் எவரேனும் இருந்தால், அல்லது அப்பிள்ளையைக் கூட்டிச்சென்ற பெற்றோர் இருந்தால், இப்பத்திரிகைக்கு எழுதுங்கள். அந்த ஆண்டை எழுதிக்கொள்ளக் காத்திருக்கின்றோம்.